பல்லும் சொல்லும்: டைட்டானியத்தில் ஒட்டாத காம்போசிட்

சென்ற மாதம் இம்ப்ளான்ட் (தாடை எலும்பில் பதிக்கும் செயற்கை வேர்) மேல் கட்டும் பல்வரிசையைப் பற்றி எழுதும்போது, டைட்டானியம் சட்டத்தின் மேல் காம்போசிட் என்ற பிசின் கலவையை ஒட்டுவதைப் பற்றிப் போகிறபோக்கில் நாலு வரி சொல்லியிருந்தேன். அந்த நாலு வரியைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்களுக்கே இந்த மாத இடம் முழுக்கப் போய்விட்டது. வேர் சிகிச்சை, ஞானப்பல் என்று கேட்டவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், அடுத்த மாதம் அவர்கள் முறை.

கேள்வி: எனக்கு 66 வயது. கீழ்த்தாடையில் 6 இம்ப்ளான்ட் வைத்து, அதன் மேல் டைட்டானியம் சட்டம், அதில் பல்லும் ஈறும் காம்போசிட்டில் செய்து ஸ்க்ரூ போட்டு முடுக்கியிருக்கிறார்கள். எட்டே மாதம்தான் ஆகிறது. முன்பல்லுக்குக் கீழே ஈறு மாதிரி செய்த இடத்தில் ஒரு சில்லு பெயர்ந்துவிட்டது. பெயர்ந்த இடத்தில் உலோகம் துடைத்துவிட்ட மாதிரி சுத்தமாகத் தெரிகிறது. டாக்டர் வாயில் வைத்தே ஒட்டிவிடலாம் என்கிறார். மட்டமான சாமானைப் போட்டு என்னை ஏமாற்றிவிட்டார்களா?
— ஒரு வாசகர், பாளையங்கோட்டை

பதில்: ஐயா, உங்கள் கடிதத்தில் எனக்கு ரொம்ப உதவிய வரி, உலோகம் துடைத்துவிட்ட மாதிரி தெரிகிறது என்று எழுதினீர்களே, அதுதான். டாக்டர்களே பல சமயம் இதைக் கவனிக்காமல் மேலே பூசிவிட்டுப் போய்விடுவார்கள். சில்லு தெறித்த இடத்தில் உலோகத்தின் மேல் காம்போசிட் கொஞ்சமாவது பிடித்துக்கொண்டிருந்தால், ஒட்டு நன்றாகத்தான் இருந்திருக்கிறது, மேலே இருந்த பொருள்தான் அடி தாங்காமல் உடைந்தது என்று அர்த்தம். கடி ஓரிடத்தில் தூக்கலாக இருக்கலாம், அங்கே காம்போசிட்டின் கனம் போதாமல் இருக்கலாம், தூக்கத்தில் நீங்கள் பல்லை நெரிக்கலாம். உலோகம் பளிச்சென்று தெரிந்தால் கதையே வேறு. அங்கே ஒட்டு பிடிக்கவில்லை, இத்தனை நாள் சும்மா உட்கார்ந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான்.

சாமான் மட்டமா என்றால், பெரும்பாலும் அப்படி இருக்காது. நல்ல செங்கல்லும் நல்ல சிமென்ட்டும் வாங்கிக் கொடுத்தாலும், செங்கல்லை நனைக்காமல் அடுக்கினால் பூச்சு பிடிக்குமா? அதே மாதிரி வேலையில் எங்கோ ஒரு படியைத் தாண்டிப் போயிருக்கிறார்கள்.

டைட்டானியத்தின் குணத்தைக் கொஞ்சம் சொன்னால்தான் இது விளங்கும். காற்றுப் பட்ட மறுகணமே அது தன் மேல் ஒரு ஆக்சைடுத் தோலைப் போர்த்திக்கொள்ளும். சில நானோமீட்டர் கனம்தான், நம் தலைமுடியின் தடிமனில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். சுரண்டினாலும் உடனே திரும்ப வந்துவிடும். வாயில் இருக்கும் உப்புக்கும் புளிக்கும் துருப்பிடிக்காமல் காப்பாற்றுவதும், எலும்பு இந்த உலோகத்தை அந்நியமாகப் பார்க்காமல் சேர்த்துக்கொள்வதும் இந்தத் தோலின் புண்ணியம். ஸ்வீடனில் பிரோனமார்க் என்ற ஆய்வாளர் 1950களில் முயல் எலும்பில் டைட்டானியக் கருவி ஒன்றை வைத்து ரத்த ஓட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆய்வு முடிந்து கழற்றப் போனால் கையோடு வரவில்லை. அந்தப் பிடிப்பை நம்பித்தான் 1965இல் ஒரு மனிதருக்கு முதன்முதலாகப் பல் இம்ப்ளான்ட் வைத்தார். ஆக, எலும்போடு சேருவதில் டைட்டானியத்தைக் குறை சொல்ல வழியில்லை. பிசினோடு சேருவதில்தான் தகராறு.

காம்போசிட் என்பது பிசினும் நுண்ணிய கண்ணாடித் தூளும் கலந்த கலவை. அந்தப் பிசினுக்குத் தண்ணீர் ஆகாது. டைட்டானியத்தின் ஆக்சைடுத் தோலுக்கோ தண்ணீர் என்றால் ரொம்ப இஷ்டம். இடையில் ஒரு தரகர் பேசி முடிக்காவிட்டால் இந்தச் சம்பந்தம் அமையாது. (அந்தத் தரகர் யார் என்பது அடுத்த பதிலில்.) சேர்ந்த பிறகும் நிம்மதி இல்லை. காம்போசிட் இறுகும்போது 2 முதல் 3 சதவீதம் வரை சுருங்கும், சுருங்கும்போதே உலோகத்திலிருந்து தன்னைப் பிய்த்துக்கொள்ளப் பார்க்கும். அப்புறம் வெப்பம். சூடான காபி பட்டால் டைட்டானியம் விரிவதைப் போல மூன்று நான்கு மடங்கு காம்போசிட் விரியும், உடனே குளிர்ந்த தண்ணீர் குடித்தால் அதே அளவு சுருங்கும், ஒரு நாளைக்கு எத்தனை தடவை என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள். ஆய்வகத்தில் சோதிக்கும்போது இதற்காகவே 5 டிகிரித் தண்ணீரிலும் 55 டிகிரித் தண்ணீரிலும் மாறிமாறி ஆயிரக்கணக்கான தடவை முக்கி எடுத்துவிட்டுத்தான் ஒட்டைப் பிரித்துப் பார்ப்பார்கள். முதல் நாள் எல்லா ஒட்டும் பிரமாதமாகத்தான் இருக்கும். இந்த முக்கல்களுக்குப் பிறகு மிச்சமிருப்பது எவ்வளவு என்பதுதான் கேள்வி.

நானே இதில் ஒரு முறை மாட்டிக்கொண்டேன். மேல்தாடை முழுவதற்கும் செய்த ஒரு சட்டம், நாலு மாதத்தில் ஈறு நிறக் காம்போசிட் ஆரஞ்சுத் தோல் உரிகிற மாதிரி கழன்று வந்தது. பிரைமரை, அதாவது ஒட்டுவதற்கு முன் உலோகத்தில் தடவும் திரவத்தை, சந்தேகப்பட்டோம், காம்போசிட்டைச் சந்தேகப்பட்டோம், பாவம், நோயாளி என்னத்தைக் கடித்தாரோ என்று அவரையும் சந்தேகப்பட்டோம். கடைசியில் பார்த்தால், லேபில் கம்ப்ரசருக்கும் சாண்ட்பிளாஸ்டருக்கும் (தூளை வேகமாக அடித்து உலோகத்தைச் சொரசொரப்பாக்கும் கருவி) நடுவில் தண்ணீர் பிடிக்கிற சின்னக் கிண்ணம் ஒன்று இருக்கும், அதை மாதக்கணக்கில் யாரும் திறந்து விடவில்லை. அது நிரம்பி வழிந்து, அலுமினாத் தூளோடு சேர்த்து எண்ணெய் கலந்த ஈரக்காற்றையும் சட்டத்தின் மேல் அடித்துக்கொண்டிருந்தது. சட்டம் முழுவதையும் திரும்பச் செய்து கொடுத்தோம், எங்கள் செலவில்.

சரி, உங்களுக்கு வருகிறேன். வாயில் வைத்தே ஒட்டுவது தவறு இல்லை, ஒரு விசேஷத்துக்கு அவசரமாகப் போகவேண்டும் என்றால் நானும் செய்வேன். ஆனால் உங்கள் விஷயத்தில் ஒட்டே பிடிக்காமல் போயிருப்பதால் பக்கத்து இடங்களும் நம்பிக்கைக்கு உரியவை அல்ல. சில்லு பெயர்ந்த ஓரத்தில் நகத்தை வைத்தால் சிக்குகிறதா, ஓரமாக ஒரு பழுப்புக் கோடு ஓடுகிறதா என்று பாருங்கள், ஓடினால் உள்ளே எச்சில் இறங்கிக்கொண்டிருக்கிறது. ஸ்க்ரூ போட்ட வேலையில் உள்ள பெரிய சௌகரியமே கழற்றி மாட்டலாம் என்பதுதான். கழற்றி லேபுக்கு அனுப்பச் சொல்லுங்கள், தூக்கிக்கொண்டிருக்கிற இடத்தையெல்லாம் எடுத்துவிட்டு உலோகத்திலிருந்து திரும்ப ஆரம்பிக்கட்டும். வாயில் வைத்துத்தான் செய்வேன் என்று அவர் சொன்னால், ஒன்றை மட்டும் கண்டிப்பாகக் கேளுங்கள்: பீங்கானை அரிக்கப் பயன்படுத்தும் ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தைக் கிட்டேயே கொண்டுவரக் கூடாது. அது டைட்டானியத்தைக் கரைத்துவிடும், ஈறில் பட்டால் வெந்துபோகும்.

கூடவே கடியையும் பார்க்கச் சொல்லுங்கள். சொந்தப் பல்லுக்கும் எலும்புக்கும் நடுவில் மெத்தை மாதிரி ஒரு நார்ப்படலம் இருக்கிறது, அதுதான் கல்லைக் கடித்தால் சட்டென்று வாயைத் திறக்கவைப்பது. இம்ப்ளான்ட்டுக்கு அது கிடையாது, அதனால் எவ்வளவு அழுத்திக் கடிக்கிறோம் என்பது தெரியாமலேயே கடிப்போம். இரவில் போட்டுக்கொள்ள ஒரு நைட் கார்டு செய்துகொண்டால் உங்கள் புது ஒட்டுக்கு ஆயுள் கூடும்.

கேள்வி: டெண்டல் லேபில் இரண்டு வருடமாக வேலை பார்க்கிறேன். டைட்டானியம் பாரில் (சட்டத்தில்) காம்போசிட் ஏற்றும்போது ஒரு சீனியர் சாண்ட்பிளாஸ்ட் போதும் என்கிறார், இன்னொருவர் பிரைமர் போதும் என்கிறார், மூன்றாமவர் பாரில் குண்டுமணி மாதிரி பிடிமானம் வைத்தால் இரண்டும் வேண்டாம் என்கிறார். யார் சொல்வது சரி?
— ஒரு டெக்னீசியன், ஈரோடு

பதில்: தம்பி, மூன்று பேரும் ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு சரி. குண்டுமணி சொன்னவர் பழைய ஆளாக இருக்கவேண்டும், அவரை மதிக்கிறேன், ஏனென்றால் ஒரு காலத்தில் அதைத் தவிர வேறு வழியே கிடையாது. 1955இல் அமெரிக்காவில் பியூனோகோர் பல் எனாமலை பாஸ்பாரிக் அமிலத்தால் அரித்து அதில் பிசினை ஒட்டிக் காட்டினார், 1962இல் போவன் இன்றைய காம்போசிட்டின் தாய்ப்பிசினுக்குக் காப்புரிமை வாங்கினார். பல்லில் ஒட்டும் கதை அதோடு வேகமெடுத்தது, ஆனால் அந்த அமிலம் உலோகத்தை ஒன்றும் செய்யாது, அதனால் உலோகத்துக்கு மட்டும் மணியும் வளையமும் வைத்துப் பிசினைக் கவ்வவைத்தார்கள். மணி பிடித்துக்கொள்ளும், சரி. ஆனால் மணிக்கும் பிசினுக்கும் நடுவில் தலைமுடி அளவு இடைவெளி இருந்தே தீரும், அதில் எச்சில் போகும், டீக்கறை போகும், ஒரு வருடத்தில் ஓரமெல்லாம் கறுத்துவிடும்.

ரசாயனமாக ஒட்டும் வழியை இரண்டு நாட்டுக்காரர்கள் இரண்டு விதமாகக் கண்டுபிடித்தார்கள். ஜப்பானில் 1970களின் கடைசியில் 4-மெட்டா என்ற பொருள் வந்தது, அதற்குப் பின்னால் 1980களில் குராரே நிறுவனத்தின் எம்டிபி. நான் மேலே சொன்ன தரகர் இந்த எம்டிபிதான். பத்துக் கார்பன் நீளமுள்ள ஒரு சங்கிலி, ஒரு முனையில் பாஸ்பேட், மறுமுனையில் காம்போசிட்டோடு சேர்ந்து இறுகக்கூடிய மெத்தாக்ரிலேட். பாஸ்பேட் முனை ஆக்சைடைப் பிடித்துக்கொள்ளும், மறுமுனை பிசினோடு கலந்துவிடும். ஜெர்மனியில் வேறு யோசனை: உலோகத்தின் மேலேயே கண்ணாடித் தன்மையுள்ள சிலிக்காவைப் படியவைத்துவிட்டால், கண்ணாடியையும் பிசினையும் இணைக்கும் சிலேன் என்ற திரவத்தைத் தடவி ஒட்டிவிடலாமே என்று. 1984இல் சுடரால் சிலிக்கா படியவைக்கும் முறையும், 1989இல் சிலிக்கா பூசிய அலுமினாத் தூளை வேகமாக அடித்துப் படியவைக்கும் ரோக்காடெக்கும் வந்தன. இன்று டாக்டர்கள் வாயிலேயே அடிக்கிற 30 மைக்ரான் தூள் அதன் தம்பி.

இரண்டுமே வேலை செய்யும். நான் பெரும்பாலும் எம்டிபி வழியில்தான் போகிறேன், படிகள் குறைவு என்பதால். ஆனால் ஒன்றைக் கவனி, இரண்டுமே உலோகத்தில் ஒட்டவில்லை, உலோகத்தின் தோலில் ஒட்டுகின்றன. பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர் நவச்சாரத்தைப் போட்டுத் தேய்த்து ஆக்சைடைத் துரத்திவிட்டுத்தான் ஈயத்தை இழுப்பார். நமக்கு நேர்மாறு, ஆக்சைடு வேண்டும், அதன் மேல் உட்கார்ந்த அழுக்குதான் போகவேண்டும். தங்கத்துக்கு இந்த ஆக்சைடுத் தோல் கிடையாது, அதனால் வெறும் எம்டிபி அங்கே பலிக்காது, கந்தகம் உள்ள பிரைமர் தேவை. எல்லா உலோகத்துக்கும் ஒரே பாட்டிலை எடுக்காதே.

இனி கைவேலை. இம்ப்ளான்ட்டில் உட்காரும் முகத்துக்கு முதலில் மூடி போடு, அல்லது அனலாகை (இம்ப்ளான்ட்டின் மாதிரித் துண்டை) முடுக்கிவை, அங்கே ஒரு துகள் பட்டாலும் பொருத்தம் கெட்டுவிடும். 50 மைக்ரான் அலுமினா, 2 முதல் 3 பார் அழுத்தம், ஒரு சென்டிமீட்டர் தூரம், கையை ஓரிடத்தில் நிறுத்தாமல் ஓட்டிக்கொண்டே இரு. பளபளப்பு எங்கேயும் மிச்சமில்லாமல் ஒரே மாதிரி மங்கிய சாம்பல் நிறம் வந்தால் போதும், அதற்கு மேல் அடித்தால் அலுமினாத் துகள் உலோகத்துக்குள் புதைந்துகொண்டு உனக்கே எதிரியாகும். அப்புறம் ஆல்கஹாலில் அல்ட்ராசோனிக் போட்டு எடுத்து எண்ணெய் இல்லாத காற்றில் உலர்த்து. சிலிக்காத் தூள் அடித்திருந்தால் மட்டும் கழுவாதே, படிந்ததும் சேர்ந்து போய்விடும், காற்றை ஊதிவிட்டால் போதும். இதற்கப்புறம் விரல் படக் கூடாது, கிளவுஸ் போட்ட விரலும்தான், கிளவுஸ் பவுடரும், காம்போசிட்டை வடிவமைக்கும்போது தொட்டுக்கொள்ளும் மோடலிங் திரவமும் அதில்தான் இருக்கிறது. டீ குடித்துவிட்டு வந்து பிரைமர் போடலாம் என்று வைத்துவிட்டுப் போகாதே. புதிதாகச் சுரண்டிய டைட்டானியம் காற்றில் மிதக்கிற எண்ணெய்ப்பசையையெல்லாம் இழுத்து மேலே போட்டுக்கொள்ளும். இந்த வேலையில் கெட்டுப்போவது எல்லாம் பிளாஸ்டருக்கும் பிரைமருக்கும் நடுவில் உள்ள அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் என்பது என் அனுபவம்.

பிரைமரை மெல்லிசாகத் தடவு. நிறையப் போட்டால் நிறைய ஒட்டும் என்பது தப்பு, தேங்கிய பிரைமர் ஒரு பலவீனமான படலமாக நடுவில் நின்றுவிடும். அடுத்து ஓபேக்கர். சாம்பல் நிறத்தை மறைக்கும் அவசரத்தில் ஒரே பூச்சாகக் கனமாகப் போட்டு லைட் காட்டுவார்கள், அங்கேதான் தப்பு நடக்கும், ஏனென்றால் வெளிச்சத்தை மறைப்பதுதான் ஓபேக்கரின் தொழிலே. நீல ஒளி மேல்பகுதியை மட்டும் இறுக்கிவிட்டு நின்றுவிடும், பின்பக்கம் உலோகம், அங்கிருந்தும் வெளிச்சம் வர வழியில்லை, அடியில் பச்சையாகவே கிடக்கும். முதல் பூச்சு உலோகம் தெரிகிற அளவுக்கு மெல்லிசாக, அதை இறுக்கிவிட்டு அடுத்தது, வேண்டுமானால் மூன்றாவது. மேலே காம்போசிட்டையும் 2 மில்லிமீட்டருக்கு மிகாத அடுக்காக ஏற்று.

மணிக்காரரையும் முழுசாகத் தள்ளிவிடாதே. பாரில் கூர்மையான மூலைகளைத் தவிர்த்து, காம்போசிட் முடியும் இடத்தில் ஒரு படி மாதிரி வெட்டு வைக்கச் சொல், காகித ஓரமாக மெலிந்து முடிகிற காம்போசிட் முதலில் அங்கேதான் தூக்கும். அப்புறம் ஈரோட்டு வெயில் எனக்குத் தெரியும். கம்பெனி குளிர்பெட்டியில் வைக்கச் சொல்லியிருந்தால் பிரைமரை மேஜையில் வைக்காதே. சிலேன் பாட்டில் கலங்கிப்போயிருந்தால் தேதி பார்க்காமலேயே தூக்கிப் போடு.

கேள்வி: நான் ஓர் இளம் பல் மருத்துவர். டைட்டானியம் பேஸில் (இம்ப்ளான்ட்டின் மேல் முடுக்கும் சின்ன அடித்துண்டு) சிர்கோனியா என்ற கெட்டியான வெள்ளைப் பீங்கான் கேப் ஒட்டி மாட்டினேன், 3 வாரத்தில் கேப் மட்டும் கழன்று நோயாளி கையில் கொண்டுவந்தார். லேபிலிருந்து பிளாஸ்ட் செய்தே வந்தது, வாயில் வைத்து அளவு பார்த்தேன், பிறகு சுத்தத்துக்காக இரண்டிலும் பாஸ்பாரிக் அமில ஜெல் தடவிக் கழுவி, எம்டிபி உள்ள சிமென்ட்டால் ஒட்டினேன். என்ன குறை?
— பெயர் வேண்டாம் என்றவர், சேலம்

பதில்: டாக்டர், குறை அந்த ஜெல்லில் இருக்கிறது. எனாமலில் அற்புதம் செய்கிற அதே அமிலம் இங்கே வில்லன். எம்டிபி எந்த முனையால் ஆக்சைடைப் பிடிக்கும் என்று மேலே சொன்னேனே, பாஸ்பேட்டால். நீங்கள் அதற்கு முன்னாலேயே அமிலத்திலிருந்து பாஸ்பேட்டை அள்ளித் தடவிவிட்டீர்கள். பஸ் நிற்பதற்குள் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம்பிடித்த கதைதான், எம்டிபி ஏறிவந்து பார்க்கும்போது எல்லா சீட்டிலும் துண்டு. தண்ணீரில் கழுவினால் அது போகாது. எச்சிலிலும் பாஸ்பேட் இருப்பதால் வாயில் அளவு பார்த்தபோதே பாதி சீட் போயிருக்கும், ஜெல் மீதியை முடித்துவைத்தது.

அளவு பார்த்த பிறகு திரும்பப் பிளாஸ்ட் செய்வது நல்லது, லேப் செய்தது டிரையலோடு தீர்ந்துபோன கணக்கு. அதற்கு வசதி இல்லையென்றால் ஐவோக்ளீன் மாதிரி சிர்கோனியாத் துகள் கலந்த கிளீனர் இருக்கிறது, பாஸ்பேட்டை அது தன் பக்கம் இழுத்துக்கொள்ளும், கழுவி உலர்த்திவிட்டு பிரைமர் போடலாம். இன்னொன்று, சிமென்ட் எது என்று நீங்கள் எழுதவில்லை. லைட்டில் மட்டும் இறுகுகிற சிமென்ட்டை இங்கே எடுக்காதீர்கள், கீழே உலோகம், மேலே வெளிச்சத்தை அரைகுறையாக விடுகிற சிர்கோனியா. தானாகவும் இறுகக்கூடிய இரட்டை வகைதான் சரி. பேஸின் உயரத்தையும் அளந்து பாருங்கள், குட்டையான பேஸில் உயரமான கேப் நின்றால் எந்தப் பசையும் பாவம்தான்.

நோயாளியிடம் உண்மையைச் சொல்லிவிட்டு இலவசமாக ஒட்டிக் கொடுத்திருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

கேள்வி: டைட்டானியத்தில் ஒட்டாது ஒட்டாது என்று இவ்வளவு பாடுபடுவதற்கு, பேசாமல் பீங்கானையே வைத்துச் சுட்டுவிட்டால் என்ன? என் அம்மாவுக்கு 30 வருடத்துக்கு முன் போட்ட பீங்கான் கேப் இன்னும் அப்படியே இருக்கிறது.
— ஒரு வாசகி, கிள்ளான், மலேசியா

பதில்: அம்மாவின் கேப்புக்கு உள்ளே இருப்பது அனேகமாக நிக்கல்-குரோமியமோ தங்கக் கலவையோ ஆக இருக்கும், டைட்டானியமாக இருக்க வாய்ப்புக் குறைவு. வழக்கமான பீங்கானைச் சுட 900 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். டைட்டானியம் 883 டிகிரியைத் தாண்டினால் அதன் படிக அமைப்பே மாறிவிடும், போதாக்குறைக்கு அந்தச் சூட்டில் ஆக்சிஜனைக் கண்டபடி குடித்து, நாம் இதுவரை புகழ்ந்துகொண்டிருந்த மெல்லிய ஆக்சைடுத் தோல் தடித்த பொருக்காக மாறிப்போகும். சொறி பிடித்த தோலில் எதை ஒட்டினாலும் பொருக்கோடு கையில் வரும். விரிவுக் கணக்கும் ஒத்துப்போகாது; வழக்கமான பீங்கான் டைட்டானியத்தைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு விரிகிற மாதிரி செய்யப்பட்டது, ஆறும்போது வெடித்துவிடும். இதற்காகவே 800 டிகிரிக்குக் கீழே உருகும் தனிப் பீங்கான் இருக்கிறது, செய்கிறவர்களும் இருக்கிறார்கள், ஆனால் கைப்பதம் தப்பினால் போச்சு.

காம்போசிட்டுக்குச் சூளையே தேவையில்லை. உடைந்தால் உடைந்த இடத்தை மட்டும் செய்துகொள்ளலாம், பீங்கான் என்றால் திரும்பச் சூளைக்குப் போகவேண்டும். எதிர்ப்பல்லைத் தேய்க்காது. அதற்காகக் காம்போசிட்தான் உசத்தி என்று சொல்லமாட்டேன், அது தேயும், மங்கும், கறை பிடிக்கும். முழுத்தாடைக்குப் பெரிய சட்டம் என்றால் டைட்டானியமும் காம்போசிட்டும், ஒற்றைப் பல் என்றால் பேஸின் மேல் சிர்கோனியா, இதுதான் என் வழக்கம். வேறு டாக்டர் வேறு மாதிரி சொன்னால் சண்டைக்குப் போகாதீர்கள்.

கேள்வி: மஞ்சள் போட்ட குழம்பு சாப்பிட்டால் என் கணவரின் காம்போசிட் பல்லெல்லாம் மஞ்சளாகிறது. சமையலையே குறை சொல்கிறார்.
— மன்னார்குடி

பதில்: சமையலை விட்டுவிடச் சொல்லுங்கள், பல்லைப் பார்க்கச் சொல்லுங்கள். மஞ்சளின் நிறமி காம்போசிட்டின் பிசினுக்குள் சுலபமாக இறங்கும், அதுவும் மேற்பரப்பு சொரசொரப்பாக இருந்தால் கேட்கவே வேண்டாம். மஞ்சள் கறைக்கு வெளிச்சத்தில் வெளுக்கும் குணம் உண்டு, ஆனால் வாயைத் திறந்துகொண்டு மொட்டைமாடியில் உட்காரச் சொல்ல முடியாது. சாப்பிட்டவுடன் கொப்பளிக்கட்டும், வருடத்துக்கு ஒருமுறை பாலிஷ் போட்டுக்கொள்ளட்டும். வெற்றிலை பாக்கு இருந்தால் அதை நீங்களே என்னிடம் மறைக்காமல் எழுதியிருக்கலாம்.

கேள்வி: டைட்டானியம் பல் இருந்தால் எம்ஆர்ஐ ஸ்கேன் எடுக்கலாமா?
— பலர்

பதில்: எடுக்கலாம், டைட்டானியத்தைக் காந்தம் இழுக்காது. தலை, தாடைப் பக்கம் எடுக்கும்போது பல்லைச் சுற்றிப் படம் கொஞ்சம் கலங்கலாம், அதனால் ஸ்கேன் எடுப்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கழற்றி மாட்டும் பல்செட்டில் காந்தம் வைத்திருந்தால் அது வேறு விஷயம், செட்டைக் கழற்றி வைத்துவிட்டுப் போகவேண்டும், எலும்பில் பதித்த பகுதியைப் பற்றி உங்கள் டாக்டரைக் கேட்கவேண்டும்.

கேள்வி: எங்கள் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் டைட்டானியம் இருக்கிறது என்று சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறேன். என் வாயில் இருப்பது எங்கள் ஊர் மண்ணா?
— கன்னியாகுமரி மாவட்ட வாசகர்

பதில்: ரொம்ப ரசித்த கேள்வி. உங்கள் ஊர்க் கறுப்பு மணலில் இருப்பது இல்மனைட், இரும்பும் டைட்டானியமும் ஆக்சிஜனோடு சேர்ந்த தாது. உலகத்தில் தோண்டுகிற இந்தத் தாதுவில் பெரும்பகுதி உலோகமாக ஆவதே இல்லை, வெள்ளைப் பொடியாக, அதாவது டைட்டானியம் டை ஆக்சைடாக, பெயின்ட்டுக்கும் காகிதத்துக்கும் போகிறது. உலோகமாக எடுப்பது பெரிய பாடு, குளோரினோடு சேர்த்து, அதை மெக்னீசியத்தால் பிரித்து, பஞ்சு மாதிரி ஒரு கட்டியாக எடுத்து, பிறகு உருக்கவேண்டும்; பக்கத்தில் கேரளத்துச் சவராவில் அதற்கு ஆலை இருக்கிறது, அந்தப் பஞ்சுக்கு விண்வெளித் துறையில்தான் தேவை. பல் சட்டத்தின் உலோகம் எந்த நாட்டிலிருந்தும் வந்திருக்கலாம். ஆனால் ஒரு வேடிக்கை உண்டு: சாம்பல் நிறத்தை மறைக்க ஓபேக்கரில் கலக்கும் வெள்ளையும் அதே டைட்டானியம் டை ஆக்சைடுதான்.

கேள்வி: காம்போசிட், டைட்டானியம் இரண்டும் வாயில் இருக்கும்போது ஃபுளோரைடு பேஸ்ட் ஆபத்து என்று வாட்ஸாப்பில் வந்தது. உண்மையா?
— ஒரு வாசகி, வேலூர்

பதில்: பாதி உண்மை. தினமும் தேய்க்கிற சாதாரண பேஸ்ட்டால் பயமில்லை, அதில் புளிப்பு இல்லை. அமிலம் கலந்த ஃபுளோரைடு ஜெல் என்று கிளினிக்கில் தட்டில் வைத்துக் கொடுப்பது ஒன்று உண்டு, அந்தப் புளிப்பும் ஃபுளோரைடும் சேர்ந்தால் டைட்டானியத்தின் தோலை அரிக்கும், காம்போசிட்டில் உள்ள கண்ணாடித் துகளையும் மங்கவைக்கும். அந்த ஜெல் வைக்க வந்தால் வாயில் இம்ப்ளான்ட் வேலை இருக்கிறது என்று சொல்லுங்கள், புளிப்பில்லாத வகை கொடுப்பார்கள். வெள்ளையாக்கும் என்று விற்கிற கரகரப்பான பொடிகளையும் கரிப்பொடியையும் மட்டும் தொடாதீர்கள், பாலிஷ் போய்விடும், மன்னார்குடி அம்மா எழுதியிருக்கிறாரே, அந்த மஞ்சளுக்கு அது வாசல் திறந்துவிட்ட மாதிரி.